எதிர்க்கட்சிக்காரர் வீடு

மருந்துக்கடைக்கு மேலே இருந்த அறையில் சனிக்கிழமை நாலு மணிக்கு ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். இருமல் மருந்துப் பெட்டிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு நடுவில் நாற்காலிகளைப் போட்டுக்கொள்வார்கள். ஒரு மாதம் பெரிய நாவல் ஒன்று, மறுமாதம் அரசியல் கட்டுரை ஒன்று. மருந்துக்கடைக்காரர் கட்டுரையைப் பிரதியெடுத்து ஆளுக்கொன்று முன்கூட்டியே கொடுத்துவிடுவார். படிக்காமல் வருகிறவர்களுக்கு டீ உண்டு, பேச்சு கிடையாது. அது சட்டம்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பஸ் டிரைவர் இருந்தார். யார் எதைச் சொன்னாலும் "அப்படி இல்லீங்க" என்றுதான் ஆரம்பிப்பார். நாவலில் வரும் தாயைத் தியாகி என்று கணக்கு டீச்சர் சொன்னால், இல்லை, அவள் பிடிவாதக்காரி என்பார். ஒரு வாரம் யோசித்துவிட்டு டீச்சரே வந்து, "ஆமா சார், பிடிவாதக்காரிதான்" என்று ஒப்புக்கொண்டால், "அப்படி ஒரேயடியா சொல்லிட முடியாதுங்க" என்று தியாகத்தின் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வார். எல்லாருமாகச் சேர்ந்து அவருக்கு எதிர்க்கட்சி என்று பேர் வைத்துவிட்டார்கள். அவருக்கும் உள்ளூர அதில் பெருமைதான்.

வீட்டில் கதையே வேறு. காலை ஐந்தரைக்கு முதல் டிரிப். திரும்பி வந்து குளித்து, சாப்பிட்டு, ஜன்னலோரம் புத்தகத்தோடு உட்கார்ந்தால் "ம்", "சரி", "அப்புறம்" என்ற மூன்று வார்த்தைக்குள் அன்றைய பொழுது முடிந்துவிடும்.

அவர் மனைவி சட்டை தைக்கும் கம்பெனியில் செக்கர். தைத்து வரும் சட்டையை விளக்குப் பலகையில் விரித்து, காலர் இரண்டு முனையும் ஒத்துப் போகிறதா, பட்டன் துளை பிரிந்திருக்கிறதா, தையல் எங்காவது தாவியிருக்கிறதா என்று பார்த்து, தப்பு இருந்த இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டவேண்டும். ஒரு நாளைக்கு நானூறு சட்டை. சாயங்காலம் கம்பெனி வாசலைத் தாண்டிய பிறகும், பஸ்ஸில் முன்னால் நிற்கிறவனின் முதுகுத் தையலைக் கண் தானாகத் தடவிக்கொண்டு போகும்.

"எங்க வீட்டு மனுஷனுக்கு ஆறு நாள் வாய்க்கு லீவு. சனிக்கிழமை மட்டும் டியூட்டி," என்று கம்பெனியில் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்புக்கு அடியில் கொஞ்சம் புண்ணும் இருந்தது.

ஒருநாள் விடிகாலை, நல்ல மழை. டிப்போவில் வண்டியை எடுக்கப் போனவரிடம் டைம்கீப்பர், "எத்தனாம் நம்பர் வண்டிண்ணே?" என்று கேட்டார். இருபது வருஷமாகச் சொல்லிவந்த நம்பர். வாயைத் திறந்தார். வரவில்லை. பேனாவை வாங்கி எழுதப் போனார். பேனா விரலிலிருந்து நழுவித் தரையில் உருண்டது.

பதினோரு நாள் ஆஸ்பத்திரி. கால் பிழைத்துவிட்டது. வலது கை பாதிக்குப் பாதி. பேச்சுதான் போனது போனதுதான் என்று இருந்தது.

"நாம சொல்றதெல்லாம் அவருக்கு நல்லாப் புரியும்மா," என்றார் டாக்டர். "மூளையில வார்த்தையை எடுத்துக் குடுக்குற இடம்தான் அடிபட்டிருக்கு. பயிற்சி குடுத்தா வரும். எவ்வளவு வரும், எப்ப வரும்னு என்னால இப்ப சொல்ல முடியாது."

வீட்டுக்கு வந்தவரிடம் ஒரே ஒரு ஓசைதான் மிச்சம் இருந்தது. "தா." தண்ணீர் வேண்டுமென்றாலும் தா. வேண்டாமென்றாலும் தா.

உதவிக்கு அவருடைய அக்கா ஊரிலிருந்து பெரிய பையோடு வந்து இறங்கினாள். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். பாசத்துக்குக் குறைவில்லை. ஆனால் காது கேட்காதவரிடம் பேசுவதுபோல் பேசினாள்.

"தம்பி! இங்க பாரு! இது டம்ளர்! சொல்லு பாப்போம், டம்... ளர்!"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

சனிக்கிழமைச் சங்கத்து ஆட்களும் வந்து பார்த்தார்கள். மருந்துக்கடைக்காரர், கணக்கு டீச்சர், அவரை அண்ணே என்று கூப்பிடும் தபால்காரர், மூன்று பேரும் கட்டிலைச் சுற்றி நின்று, "எல்லாம் சரியாயிரும்" என்றார்கள். வெயில் ஜாஸ்தி என்றார்கள். ஒருவர் சொன்னதற்கு மற்ற இரண்டு பேரும் தலையாட்டினார்கள். ஆரஞ்சுப் பழங்களை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் போன பிறகு அவர் கண்ணோரம் ஈரமாக இருந்ததை மனைவி பார்த்தாள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் வாரம் இரண்டு தடவை வந்தாள். சீப்பு, சாவி, குடை என்று படம் போட்ட அட்டைகளைக் காட்டினாள். மூன்றாவது தடவை, நல்ல கையால் அட்டையை அவர் தட்டிவிட்டார். அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. வாசலுக்கு வந்து செருப்பைப் போட்டுக்கொண்டே கேட்டாள்:

"இவருக்கு எந்தப் பேச்சுல அவசரம் வரும்க்கா? உடனே நாம ஏதாவது சொல்லியே ஆகணும்னு எப்ப தோணும்?"

மனைவி யோசித்தாள். "யாராவது ஏதாவது தப்பா சொன்னா தோணும்," என்றாள்.

அந்தச் சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. சட்டைக் கையில் நூல் பிசிறு ஒட்டியிருக்க, மருந்துக்கடைப் பக்கவாட்டுப் படியில் ஏறினாள். பதினோரு வருஷமாக அவர் ஏறி இறங்கிய படி. அவள் மேலே போனது அதுதான் முதல் தடவை. இவ்வளவு சின்ன அறையா என்று இருந்தது. ஒரு நாற்காலியை மட்டும் காலியாக விட்டிருந்தார்கள்.

"வாங்கம்மா, உக்காருங்க," என்று எழுந்தார் மருந்துக்கடைக்காரர்.

"உக்கார வரலீங்க. ஒரு விஷயம் கேக்கணும். இத்தனை வருஷத்துல அவரு சொன்னதுக்கு நீங்க தலையாட்டியிருக்கீங்களா?"

"எங்கம்மா ஆட்ட விடுவாரு?"

"அன்னைக்கு வந்து மூணு பேரும் மாத்தி மாத்தி ஆட்டினீங்களே. அவர நோயாளி ஆக்கிட்டுப் போயிட்டீங்க."

டீச்சர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார்.

"இனிமே கூட்டத்த எங்க வீட்டுல போடுங்க. டீ நான் தர்றேன். ஆனா வந்து தப்பா பேசணும்."

"தப்பான்னா?" என்றார் தபால்காரர்.

"அவருக்கு வயிறெரியிற மாதிரி. வேணும்னே."

கணக்கு டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பேசலாம்," என்றார். "ஆனா படிக்காதவங்களுக்கு இங்க பேச்சு கிடையாது. நீங்களும் படிக்கணும்."

அப்படித்தான் பதினாலு பக்கக் கட்டுரை ஒன்று அவள் கைப்பைக்குள் வந்து சேர்ந்தது.

மதிய இடைவேளையில் ரொட்டியும் அவித்த முட்டையும் ஒரு கையில், கட்டுரை ஒரு கையில். முதல் நாள் இரண்டு பக்கம்கூடத் தாண்டவில்லை. "என்னக்கா, பரீட்சையா?" என்று பட்டன் மெஷின்காரி கேலி செய்தாள். மூன்றாவது நாள் அவளே, "அந்தாளு அப்புறம் என்ன சொல்றான்?" என்று கேட்டாள். நாலாவது நாள் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி ஆறு பேர்.

கட்டுரை காத்திருப்பதைப் பற்றியது. அதிகாரம் ஆயுதத்தில் இல்லை, நாற்காலியில் இல்லை, இன்னொருவரைக் காக்கவைக்க முடிவதில்தான் இருக்கிறது என்றது அது. யார் காத்திருக்கிறார்களோ அவர்கள் ஆளப்படுகிறவர்கள். யார் காக்கவைக்கிறார்களோ அவர்கள் ஆளுகிறவர்கள். வாசல்களைப் போய்ப் பாருங்கள், நாடு எப்படி நடக்கிறதென்று தெரிந்துவிடும்.

வீட்டில் போட்ட முதல் கூட்டம் பாழாய்ப் போனது. சூடு பிடிக்கட்டும் என்று பழைய நாவல் ஒன்றை எடுத்துக்கொண்டு, மருந்துக்கடைக்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"அந்த நாவல்ல, ஊரையே காப்பாத்துறானே படகுக்காரன், அவன் ஒரு சுயநலக்காரன். என்ன டீச்சர்?"

"ஆமா. ரொம்ப மோசம்," என்றார் டீச்சர், மனப்பாடம் ஒப்பிப்பதுபோல.

"ஆளே சரியில்ல," என்றார் தபால்காரர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

டிரைவர் மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். கூட்டம் முடியும்வரை திறக்கவேயில்லை.

அவர்கள் போனதும் நாத்தனார் பிடித்துக்கொண்டாள். "என்னம்மா கூத்து இது? உடம்பு முடியாதவன நடுவுல போட்டு நாடகம் நடத்துறீங்க? இன்னொரு தடவ தலைக்குள்ள ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"டாக்டர்கிட்ட கேட்டுட்டேன்க்கா. பேசலாம்னுதான் சொன்னாரு."

"அவரு சொல்லுவாரு. அவரு தம்பியா இவன்?"

மனைவி சமையலறைக்குப் போனாள். அடுப்பில் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. தான் செய்தது சரியா என்று அவளுக்கே சந்தேகமாகிவிட்டது. கரண்டியால் அவருக்கு ஊட்டும்போது, அவர் அதை வாங்கித் தன் இடது கையாலேயே குடித்தார். மேலெல்லாம் சிந்தியது. அவள் துடைக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை நாத்தனார் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்துவிட்டாள். வெளியே மழை. ஜன்னல் தகரத்தில் அது விழுகிற சத்தத்தில் பேச்சே கேட்கவில்லை. வந்தவர்களின் குடைகள் வாசலில் ஒழுகிக்கொண்டிருந்தன.

மருந்துக்கடைக்காரர் கட்டுரையை எடுத்தார். "சுத்தப் பேத்தல். என்ன சொல்றீங்க?" என்று தபால்காரரைப் பார்த்துக் கண் காட்டினார்.

"இருங்க," என்றாள் மனைவி. "நடிக்க வேண்டாம். அவருக்குத் தெரியுது. நானே கேட்டுக்கிட்டேன், என் தப்புதான். எனக்கு நிஜமாவே இதப்பத்திப் பேசணும்."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"எங்க கம்பெனில சூப்பர்வைசர் ரூமுக்கு வெளிய ஒரு பெஞ்ச் கிடக்கு. லீவு கேக்கணும்னா அதுல உக்காரணும். உள்ள அந்தாளு சும்மாதான் இருப்பாரு. கண்ணாடி வழியாத் தெரியும். நகம் வெட்டிக்கிட்டு இருப்பாரு. இருந்தாலும் இருபது நிமிஷம் உக்கார வைப்பாரு. எதுக்கு? நான் யாரு, நீ யாருன்னு காட்டுறதுக்கு. இவரு ஆஸ்பத்திரியில கிடந்தப்பவும் அந்தப் பெஞ்சுலதான் உக்காந்துட்டுப் போனேன். அதத்தான் இதுல எழுதியிருக்கு. ஒரு வரிகூடத் தப்பு இல்ல."

"ஒரு வரிகூடவா?" என்றார் டீச்சர். இப்போது அவர் குரலில் நடிப்பு இல்லை. "எல்லாக் காத்திருப்பும் ஒண்ணா? நான் பசங்க விடை கண்டுபிடிக்கிற வரைக்கும் காத்திருக்கேன். அவங்களா என்னை ஆளுறாங்க?"

"மணி அடிச்சதும் எந்திரிச்சுப் போற உரிமை உங்ககிட்ட இருக்கு டீச்சர். பெஞ்சுல இருக்குறவளுக்கு அது இல்ல." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "அவ்வளவு தூரம் போவானேன்? இந்த வீட்டையே எடுத்துக்குங்க. சனிக்கிழமை ஆனா சாப்பாட்ட மூடி வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். வந்ததும், பசியில்ல, டீ நிறைய குடிச்சிட்டேன்பாரு. என்ன பேசுனீங்கன்னு கேட்டா, 'சும்மா'ம்பாரு. பதினோரு வருஷம். பேச்செல்லாம் அங்க, காத்திருப்பு மட்டும் இங்க. கட்டுரைப்படி பாத்தா இந்த வீட்ட யாரு ஆளுறது? உங்க சங்கத்துலதான் இவரு எதிர்க்கட்சி. வீட்டுல ஆளுங்கட்சி."

கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்துவிட்டது. இவ்வளவையும் சொல்ல வேண்டும் என்று அவள் நினைத்து வரவில்லை. யாரும் சிரிக்கவில்லை. தபால்காரர் டீ டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தா," என்றார் டிரைவர்.

தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்து மருந்துக்கடைக்காரர் செம்பை எடுத்தார். அவர் அதை ஒதுக்கினார். நாற்காலிக் கையை இடது கையால் இறுகப் பிடித்திருந்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

"தா... த... தப்."

"சொல்லுங்க," என்றாள் மனைவி.

"தப்பு."

மழை பெய்துகொண்டிருந்தது.

"எது தப்பு?" என்று அவள் கேட்டாள். நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "சும்மா தப்புன்னா ஆச்சா? எது தப்புன்னு சொல்லணும்."

"ப... ப... பஸ்." கண்ணை இறுக மூடித் திறந்தார். "ஓடி... ஓடி வரு... வா."

"யாரோ ஓடி வர்றாங்க," என்று தபால்காரர் எடுத்துக்கொடுக்கப் போனார். "அண்ணே, பஸ்ஸ பிடிக்க ஓடி..."

அவள் சட்டென்று கையை உயர்த்தித் தடுத்தாள். "அவரே சொல்லட்டும்."

அவரே சொன்னார். சுவர்க் கடிகாரத்தில் ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆனது. நடுவில் இரண்டு தடவை வார்த்தை மாறி வேறெதுவோ வந்து விழுந்தது. தலையை ஆட்டி அதை ஒதுக்கிவிட்டு மறுபடி தேடினார்.

"நான்... டிரைவர். வண்டி... என் கை." நல்ல கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். "அவ... ஓடி வருவா. நான்... நிப்பேன். நான்... காத்து... நிப்பேன்."

கணக்கு டீச்சருக்குத்தான் முதலில் விளங்கியது. "அதிகாரம் இருக்குறவனும் காத்திருக்கான். யாரும் கட்டாயப்படுத்தல. கட்டுரை எழுதுனவருக்கு இது தோணவே இல்ல!" என்று தொடையில் தட்டினார். டிரைவர் அவர் பக்கம் திரும்பி, ஆமாம் ஆமாம் என்று வேகமாகத் தலையை ஆட்டினார். முகமெல்லாம் வியர்வை.

"நல்ல பாயிண்டுதான்," என்றாள் மனைவி. கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்காமலே சொன்னாள், "ஓடி வர்றவளுக்கு நின்னீங்க. வீட்டுல உக்காந்திருந்தவளுக்கு?"

அவர் வாயைத் திறந்தார். மூடினார். பிறகு, எத்தனையோ நாளைக்கப்புறம், சிரித்தார். வாய் ஒருபக்கம் கோணிக்கொண்டது. நல்ல கையை மறுபடி நெஞ்சுக்குக் கொண்டுபோய், இந்தத் தடவை திக்காமல் சொன்னார்:

"தப்பு."

சமையலறைக் கதவு படாரென்று திறந்தது. கையில் கரண்டியோடு நாத்தனார். "பேசுனான்! என் தம்பி பேசுனான்!" என்று வாசல்வரை ஓடி, மழையில் நனைந்துகொண்டு தெருவுக்கே சொல்லிவிட்டு வந்தாள். வந்து அவர் தலையைத் தடவினாள். உடனே கோபமும் வந்துவிட்டது. "ஏன்டா, டம்ளர் டம்ளர்னு ஒரு மாசமா தொண்டை கிழிய கத்துனேன். அதச் சொல்லக் கூடாதா?"

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்துவிடவில்லை. ஒரு வாரம் பத்து வார்த்தை வரும். மறுவாரம் நாலு போய்விடும். வேண்டிய வார்த்தை வராத ஆத்திரத்தில் ஒருநாள் கண்ணாடி ஜாடி ஒன்று சுவரில் போய் உடைந்தது. பேச்சுப் பயிற்சிப் பெண் பட அட்டைகளைப் பைக்குள் போட்டுவிட்டு, சங்கத்துக் கட்டுரைகளைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். மனைவி காலையில் கம்பெனிக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு பத்தி படித்து, தனக்குத் தோன்றியதைச் சொல்வாள். அவள் செருப்பை மாட்டுவதற்குள் அவர் மறுப்புச் சொல்லியாக வேண்டும். சொல்ல முடியாத நாட்களில் சாயங்காலம் அவள் திரும்பி வந்து கதவைத் திறக்கும்போதே பதில் தயாராக நிற்கும். ஒரு நாள் முழுக்கத் தேடி எடுத்த வார்த்தைகள். பாதி நாள் அவள் அதற்குள்ளும் ஓட்டை கண்டுபிடித்துவிடுவாள். சமையல் ஆறிப்போகும். நாத்தனார், "சாப்பிட்டுட்டுச் சண்ட போடுங்களேன்" என்று தட்டுகளைக் கொண்டுவந்து வைப்பாள். போகப் போக அவளும் தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள ஆரம்பித்தாள்.

மறுபடி வண்டி ஓட்ட முடியாது என்று ஆகிவிட்டது. டிப்போவில் விசாரணை ஜன்னலில் வேலை தருகிறோம் என்றார்கள். பேச்சு சரியாக வராதவனுக்குப் பேசுகிற வேலையா என்று நாத்தனார் மூக்கில் விரல் வைத்தாள். அவர் அதை ஒப்புக்கொண்டார். எத்தனை மணிக்கு வண்டி என்று கேட்டவர்கள், பதில் வரும்வரை ஜன்னலில் நின்றார்கள். சிலர் முணுமுணுத்தார்கள். பலர் நின்றார்கள்.

ஒன்பதாவது மாதம், நூலகத்துக் கூடத்தில் சங்கம் பொதுக்கூட்டம் போட்டது. வருஷத்துக்கு ஒரு தடவை, யார் வேண்டுமானாலும் வரலாம். வழக்கமாக இருபது பேர் வந்தால் பெரிது. அன்றைக்கு டிப்போவிலிருந்து டிரைவர்களும் கண்டக்டர்களும் காக்கிச் சட்டையோடு வந்து ஒரு பக்கத்தை நிரப்பினார்கள். சட்டைக் கம்பெனிப் பெண்கள் பட்டன் மெஷின்காரி தலைமையில் மறுபக்கம். எடுத்துக்கொண்டது அதே கட்டுரை. கட்டுரை சரி என்று மனைவி. தப்பு என்று கணவர். கடைசியில் கை தூக்கி ஓட்டு.

அவர் முதலில் பேசினார். மொத்தம் ஒன்பதே வாக்கியம். பதினோரு நிமிஷம். ஆறாவது வாக்கியத்தில் ஒரு வார்த்தை சிக்கிக்கொண்டது. தேடினார். மேலே பார்த்தார், மேஜையைப் பார்த்தார். மின்விசிறி சத்தம் மட்டும் கேட்டது. முன்வரிசையில் தபால்காரர் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நூறு பேர் எடுத்துக்கொடுக்கத் துடிக்கிற ஒரு வார்த்தை. ஒருவரும் எடுத்துக்கொடுக்கவில்லை.

"மரி... மரியாதை," என்றார் அவர். "அடுத்தவங்களுக்காக... காத்து நிக்கிறது... மரியாதை. அத... இவர்... எழுதல."

டிப்போக்காரர்கள் எழுந்து நின்று தட்டினார்கள்.

பிறகு அவள் எழுந்தாள். எழுதி வந்த தாளை மடித்து வைத்துவிட்டாள்.

"இவரு சொன்னது நல்லா இருக்கு. ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? ஓடி வந்தவளுக்காக டிரைவர் நின்னாரு, சரி. நிக்கிறதா வேண்டாமான்னு யாரு முடிவு பண்ணுனது? டிரைவர்தான். ஓடி வந்தவ இல்ல. நின்னா மரியாதை, நிக்காட்டி அவ விதி. ரெண்டும் அவர் கையில. அதத்தான் கட்டுரையும் சொல்லுது. காத்திருக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ண முடியிறவன் ஆளுறவன். முடிவு பண்ண முடியாதவ பெஞ்சுல இருக்கா. இவரு பேசுனது எனக்கு எதிரா இல்ல. என் பக்கம்தான் பேசிட்டு உக்காந்திருக்காரு."

கம்பெனிப் பெண்கள் போட்ட சத்தத்தில் நூலகர் ஓடிவந்து எட்டிப் பார்த்தார். டிரைவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். பிறகு மெல்ல அந்தக் கையை எடுத்து, அவளைப் பார்த்து, ஆள்காட்டி விரலை ஆட்டினார். இரு, உன்னைப் பார்த்துக்கொள்கிறேன் என்பதுபோல. கண் நிறையச் சிரிப்பு.

ஓட்டெடுப்பை மருந்துக்கடைக்காரர் நடத்தினார். பாதிப் பேர் எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை. இன்னும் யோசிக்க வேண்டும் என்றார்கள். தூக்கியவர்களை எண்ணி அறிவித்தார்: "கட்டுரை தப்பு, இருபத்தொண்ணு. கட்டுரை சரி, இருபத்திமூணு. அம்மா ஜெயிச்சுட்டாங்க!"

கைதட்டல் கிளம்புவதற்குள் டிரைவர் எழுந்து நின்றார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"அக்கா ரெண்டு கையையும் தூக்குச்சு! மறுபடியும் எண்ணுங்க!"

ஒரே மூச்சு. ஒரு எழுத்து திக்கவில்லை, ஒரு வார்த்தை மாறவில்லை. சொன்னது இன்னதென்று அவருக்கே ஒரு விநாடி கழித்துத்தான் உறைத்தது. மனைவி மேஜையைப் பிடித்துக்கொண்டாள். பின்வரிசையில் நாத்தனார் இரண்டு கையையும் இன்னும் இறக்காமல், "ஆமாடா, தூக்குனேன்! அதுக்கென்ன இப்ப?" என்று கத்தினாள். அப்புறம்தான் கூரை பிய்த்துக்கொண்டு போகிறமாதிரி சத்தம் எழுந்தது. டிப்போக்காரர்கள், கம்பெனிக்காரிகள், யார் எந்தப் பக்கம் என்ற கணக்கே இல்லாமல் எல்லாரும் நின்றுகொண்டு தட்டினார்கள். கணக்கு டீச்சர் அழுதுகொண்டே விழுந்த நாற்காலியைத் தூக்கி நிறுத்தினார்.

"எண்ணுங்க," என்றார் டிரைவர் விடாமல்.

எண்ணினார்கள். இந்தத் தடவை கணக்கு டீச்சரே வரிசை வரிசையாக நடந்து, ஆளுக்கு ஒரு கை என்று எண்ணினார். இருபத்தொண்ணு. இருபத்திரண்டு.

ஒரு ஓட்டில் அவள்தான் ஜெயித்தாள்.